பாங்கில் காட்டும் காசை ஏஜென்சி போடலாமா?

கேள்வி: மகன் கோணேசபுரி வளாகத்தில் முகாமைத்துவம் முடித்தவன். லண்டனில் 1 வருட மாஸ்டர்ஸ் செய்தால் ஆளும் தேறுவான், அங்கேயே வேலையும் எடுப்பான் என்கிறார் ஏஜென்சிக்காரர். விசாவுக்காகப் பாங்கில் காட்டும் காசையும் அவர்களே போடுவார்களாம். காணியை ஈடு வைக்கலாமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, காணி உறுதியை இப்போதைக்கு அலுமாரியை விட்டு எடுக்காதீர்கள்.

ஆள் தேறுவான் என்பது மெய்தான். தானே சமைத்து, வாடகை கட்டி, விளங்காததை ஆங்கிலத்தில் கூச்சமின்றிக் கேட்கப் பழகினால் எந்தப் பிள்ளையும் தேறும். ஆனால் வட்டிக் கணக்கோடு போகிறவனுக்கு அதற்கு ஏது நேரம்? தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய விசா விடாது. அந்தச் சம்பளத்தில் காணி மீளாது.

படிப்பு முடிந்தபின் கிராஜுவேட் விசாவில் 2 வருடம் நிற்கலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதம். ஏஜென்சிக்காரர் இதைச் சொன்னாரா? பிறகும் நிற்பதென்றால் வேலை விசாவுக்கு அனுசரணை தரும் முதலாளி வேண்டும். பொதுவாக ஆண்டுச் சம்பளம் குறைந்தது 41,700 பவுன் இருக்க வேண்டும், புதிதாகப் பட்டம் முடித்தவருக்கு 33,400 பவுன். சூப்பர் மார்க்கெட் கல்லாவில் நின்று இதை எட்ட முடியாது. எந்தப் பாடம், அதற்கு அங்கே யார் ஆள் எடுக்கிறார்கள் என்று மகன்தான் தேட வேண்டும். ஏஜென்சிக்குப் பல்கலைக்கழகம் தலைக்கு இவ்வளவு என்று தரகு கொடுக்கிறது. அவர் காட்டுகிற கம்பஸ் பெரும்பாலும் அவருக்கு லாபமான கம்பஸ்.

இனி அந்தக் காசு. வட்டிக்கு வாங்கிக் கணக்கில் போட்டு, கடிதம் எடுத்துவிட்டுத் திருப்பி எடுப்பார்கள்; சிலர் பாங்க் கடிதத்தையே செய்து தருவார்கள். பொய்ப் பத்திரம் பிடிபட்டால் 10 வருடம் வரை பிரித்தானிய விசா கிடையாது. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் மகனின் பெயர். ஏஜென்சிக்காரர் அடுத்த நாளும் கடை திறப்பார்.

காசு மகனின் கணக்கில் தொடர்ந்து 28 நாள் கிடக்க வேண்டும். தாய் தகப்பன் கணக்கென்றாலும் சரி, பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் சேர்த்தால் போதும். லண்டனில் மாமா இருக்கிறாரே என்பீர்கள். மாமாவின் கணக்கு செல்லாது. சித்தப்பாவுடையதும், கூடப் பிறந்த அக்காவுடையதும் செல்லாது. எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அவர் காசை உங்கள் கணக்குக்கோ மகனின் கணக்குக்கோ அனுப்பட்டும். அது வந்து சேர்ந்த நாளிலிருந்து 28ஐ எண்ணுங்கள். இந்த ஒன்றைப் பாடசாலைகளில் சொல்லிக் கொடுத்தாலே பாதித் தரகர்கள் கடையைப் பூட்டுவார்கள். யார் சொல்கிறார்கள்?

சான்றிதழை உறுதிப்படுத்தக் கொழும்புக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் கிளை திருகோணமலையிலேயே இருக்கிறது. விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனைக்கு மட்டும் கொழும்பு போகத்தான் வேண்டும். ஒரு எக்ஸ்ரேக்கு இரவு பஸ்! கிழக்கில் ஒரு நிலையம் திறக்க இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை.