லீசுப் பணத்தை எடுத்து காலேஜ் சீட் வாங்காதீர்கள்

எஸ்எஸ்எல்சி ரிசல்ட் வந்த மறுவாரம் பெங்களூர் மர்பி டவுனிலிருந்து ஒரு குடும்பம், மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்க என்னைப் பார்க்க வந்தது. அப்பா பீண்யா தொழிற்பேட்டையில் 22 வருடமாக லேத் ஓட்டுகிறார். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். மகள் 625-க்கு 471 வாங்கியிருந்தாள். கூடவே தாய்மாமனும் வந்திருந்தார், கையில் ஒரு தனியார் பியு (பிளஸ் டூவுக்குச் சமம்) கல்லூரியின் விளம்பரத் தாளோடு.

திட்டம் அவர்களிடம் தயாராகவே இருந்தது. நுழைவுத்தேர்வுக் கோச்சிங்கோடு சேர்ந்த இரண்டு வருடப் பியுசி. கர்நாடக அரசின் நுழைவுத்தேர்வான கேசிஇடியில் ரேங்க் வராவிட்டால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்காக இப்போது குடியிருக்கும் வீட்டின் லீசுப் பணம் 8 லட்சத்தை ஓனரிடமிருந்து திரும்ப வாங்குவது, மேற்கொண்டு 10 லட்சம் கடன் எடுப்பது.

"எப்படியாவது ஒரு டிகிரி கையில இருக்கணும் மேடம். எந்தக் காலேஜ்னு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார் அப்பா.

முதல் பத்து நிமிடம் நானும் தைரியம்தான் சொன்னேன். 471 நல்ல மார்க்குதான், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். ஆனால் லீசுப் பணம் என்ற பேச்சு மூன்றாவது முறை வந்தபோது, அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெங்களூரில் மாதச் சம்பளக்காரக் குடும்பத்துக்கு லீசு வீடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சீட்டுப் போட்டு, நகை அடகு வைத்து, ஒரு தொகையைச் சேர்த்து ஓனரிடம் கொடுத்துவிட்டால் வாடகை என்ற மாதக் கவலை கிடையாது. அந்த வீட்டில் அவர்களுக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அந்தப் பணம்.

ஒரு தாளை எடுத்து அவர்கள் எதிரிலேயே கணக்குப் போட்டேன். லீசை விட்டு அதே தெருவில் அதே அளவு வீட்டுக்குப் போனால் வாடகை 12,000 என்று அம்மாவே சொன்னார். இன்ஜினியரிங் படிக்கும் நான்கு வருடத்துக்கு 5,76,000. பத்து லட்சம் கடனை 11 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 13,775. கட்டி முடிக்கும்போது மொத்தம் பதினாறரை லட்சம். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. கையிலிருந்து போகும் 8 லட்சம், வாடகை, கடன் எல்லாம் சேர்த்தால் 30 லட்சத்தைத் தாண்டுகிறது. பியுசி கோச்சிங் கட்டணத்தை நான் தொடவே இல்லை.

"ஐடியில ஒரு வேலை கிடைச்சா மூணு வருஷத்துல எடுத்துடலாம்" என்றார் மாமா. கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் தவணை கட்டப்போவது மாமா இல்லை, லேத் ஓட்டும் அப்பா. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கல்லூரி விளம்பரத்தில் போடுகிற அதிகபட்சச் சம்பளத்தைப் பார்த்து யாரும் கணக்குப் போடாதீர்கள். வகுப்பில் நடுவில் நிற்கும் மாணவனுக்கு என்ன சம்பளம், எத்தனை பேருக்கு வேலையே வரவில்லை என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இவ்வளவு நேரமும் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாதான் சொன்னார். ஆயுத பூஜை அன்று அப்பாவின் பட்டறைக்குக் குடும்பத்தோடு போவார்களாம். மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து அனுப்புவார்கள். போன வருடம் பக்கத்து ஷெட்டில் பிளாஸ்டிக் மக் வார்க்கும் மோல்டு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். அன்று முழுக்க இவள் அதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பக்கெட், மக், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்து, "அடியில இந்தப் புள்ளி எல்லாத்துலயும் ஏன் இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். உருகிய பிளாஸ்டிக் உள்ளே பாயும் வாயின் தழும்பு அது. அதைக் கவனித்துக் கேள்வி கேட்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் பியுசி பற்றியோ, கேசிஇடி, காமெட்கே போன்ற நுழைவுத்தேர்வுகள் பற்றியோ எதுவும் சொல்லாமல், அச்சு செய்யும் தொழிலான டூல் அண்ட் டை மேக்கிங் பற்றித்தான் பேசினேன். மற்றதைச் சொல்லத் தெருவுக்குப் பத்து பேர் இருக்கிறார்கள்.

கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்கியது. "லேத்துல நின்னு நின்னு என் கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு மேடம். என் பொண்ணும் அதே ஆயில் கறையிலயா?" அவர் வலி உண்மை. ஆனால் அவர் செய்வது வேறு, நான் சொல்வது வேறு என்பது அவருக்கே தெரியும். அவர் ஒரே மாதிரி பாகத்தை நாளுக்கு நூற்றுக்கணக்கில் கடைகிறார். டூல் ரூமில் இருப்பவர், அந்த மாதிரிப் பாகங்களை லட்சக்கணக்கில் வெட்டவும் வார்க்கவும் போகிற அச்சைச் செய்கிறார்.

ஒரு மக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிப்ரொப்பிலீன் ஆறும்போது 100 மில்லிமீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை சுருங்கும். அப்படியானால் மோல்டை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் எங்கே நுழையும், குளிர்விக்கும் தண்ணீர் எந்த வழியில் ஓடும், வார்த்ததை எந்த இடத்தில் ஊசி தள்ளி வெளியேற்றும், இரண்டு பாதியும் சேரும் கோடு கண்ணுக்குத் தெரியாமல் எங்கே வரும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். தகடு வெட்டும் டை இன்னும் நுணுக்கம். 1 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுக்கு, மேலிருந்து குத்தும் பஞ்ச் என்ற பாகத்துக்கும் கீழே இருக்கும் டைக்கும் நடுவே ஒரு பக்கத்தில் விடும் இடைவெளி சுமார் 0.05 மில்லிமீட்டர். தலைமுடியின் கனத்தை விடக் குறைவு. கூடினாலும் குறைந்தாலும் வெட்டு சுத்தமாக வராது, ஓரத்தில் பிசிறு அடிக்கும். இதற்கு வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும், திரிகோணமிதி தெரிய வேண்டும், இரும்பின் குணம் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, அதை வைத்து சிஎன்சி, ஒயர்கட் என்று கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் மிஷின்களை ஓட்டத் தெரிய வேண்டும். மாமா ஆசைப்பட்ட கம்ப்யூட்டரும் இதில் வந்துவிடுகிறது.

இதைக் கற்றுக்கொடுக்க பெங்களூரிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. ராஜாஜிநகர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கும் அரசு டூல் ரூம் மற்றும் பயிற்சி மையம், எல்லோரும் ஜிடிடிசி என்று சொல்வது, 1972-இல் டென்மார்க் அரசின் உதவியோடு தொடங்கியது. எஸ்எஸ்எல்சி முடித்தாலே டிப்ளமாவுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருடம் உள்ளே படிப்பு, நான்காவது வருடம் கம்பெனியில் பயிற்சி. வெளிக் கம்பெனிகளுக்கு டூல் செய்து கொடுக்கும் வேலையும் அதே வளாகத்தில் நடப்பதால், பிள்ளைகள் கரும்பலகையோடு நிற்பதில்லை. முதலில் கையில் அரத்தைக் கொடுப்பார்கள். ஓர் இரும்புத் துண்டை ராவி ராவி, மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் கசியாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தோள் வலிக்கும். அந்த நாட்களில் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் பயந்துவிடாதீர்கள். விரலுக்கு அளவு புரிவது அப்போதுதான். பீண்யாவில் என்டிடிஎஃப் இருக்கிறது. 1959-இல் கேரளத்தில் தலச்சேரிக்குப் பக்கம் நெட்டூரில் ஆரம்பித்த நிறுவனம் அது. அதையும் போய்ப் பாருங்கள்.

கட்டணத்தை யார் வாயிலிருந்தும் கேட்டு நம்பாமல், இந்த வருடத்துக்கான அச்சிட்ட தாளை அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மேனேஜ்மென்ட் சீட்டின் பக்கத்தில்கூட வராது, லீசுப் பணத்தைத் தொடவும் வேண்டாம். போக்குவரத்துக்கும் பயமில்லை. அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் ராஜாஜிநகர். சாதாரண பஸ் என்றால் 2023 ஜூனிலிருந்து கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

கஷ்டத்தையும் மறைக்காமல் சொன்னேன். தொடக்கச் சம்பளம் ஐடிக்காரப் பையன் சொல்லும் தொகை மாதிரி இருக்காது. நின்றுதான் வேலை. சின்ன ஷெட்களில் பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லாத நிலைமை இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு சம்பளம் தந்தாலும் சேர்க்காதீர்கள் என்று கண்டிப்பாகவே சொன்னேன். நல்ல டூல் ரூம்கள் பீண்யாவில் இருக்கின்றன, பொம்மசந்திராவில் இருக்கின்றன, எல்லை தாண்டினால் ஓசூர் இருக்கிறது.

"அப்போ டிகிரியே வேண்டாமா?" என்று அம்மா கேட்டார். குரல் நடுங்கியது. டாக்டர், வக்கீல், ஹைஸ்கூல் டீச்சர் ஆவதற்கும் யுபிஎஸ்சியின் சிவில் சர்வீஸ் தேர்வு எழுதுவதற்கும் டிகிரி இல்லாமல் முடியாது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. இந்தப் பிள்ளைக்கும் கதவு மூடவில்லை. டிப்ளமா முடித்தவர்கள் டிசிஇடி என்ற நுழைவுத்தேர்வு எழுதி பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். பயிற்சி வருடத்தையும் சேர்த்தால் பியுசி வழியை விட ஒரு வருடம் கூடும். அந்த ஒரு வருடத்துக்குப் பதிலாக அவள் கையில் ஒரு தொழில் இருக்கும். இன்ஜினியரிங் வேண்டுமா, எந்தப் பிரிவு என்பதை இருபது வயதில் அவளே முடிவு செய்வாள். வீட்டைக் காலி செய்து வாங்கிய சீட்டில் உட்காரும் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமைகூட இருக்காது. எனக்குப் பொறுக்காதது அதுதான்.

மாமாவிடமும் மரியாதையாகவே கேட்டேன்: நீங்கள் அந்த 10 லட்சத்துக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவீர்களா? அவர் விளம்பரத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நாளைக்குச் சொந்தக்காரர்கள் "பொண்ணை பட்டறைக்கு அனுப்புறீங்களா" என்று கேட்பார்கள். டூல் டிசைன் படிக்கிறாள் என்று அப்பா நிமிர்ந்து சொல்ல வேண்டும். 22 வருடம் இரும்போடு வாழ்ந்தவர் சொன்னால் அதற்கு மேல் யார் பேச முடியும்?

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டு மகளை ராஜாஜிநகர் கூட்டிப்போவதாக அவர் ஒப்புக்கொண்டார். அங்கே போனதும் நீங்கள் பேசாதீர்கள், அவளைப் பேச விடுங்கள் என்றேன். என் மேஜையிலிருந்த பேனாவை வாங்கி, கேட்க வேண்டிய கேள்விகளை அவளே எழுதிக்கொண்டாள். எத்தனை பெண்கள் படிக்கிறார்கள், நான்காவது வருடம் உதவித்தொகை எவ்வளவு, மிஷினை எந்த மாதத்திலிருந்து தொடலாம் என்று மூன்று கேள்விகள். மூன்றாவதை அடிக்கோடிட்டிருந்தாள்.