கொல்லை வாசலை அடைக்க யார் உத்தரவு கொடுத்தது?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். நாட்டு ஓடு போட்ட பூர்வீக வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புது வீடு கட்டப்போகிறோம். நான் சென்னையில், அண்ணன் துபாயில். எல்லாரும் ஊருக்கு வந்தால் சந்தோஷமாகத் தங்குகிற மாதிரி வீடு வேண்டும். எனக்குத் திண்ணையும் முற்றமும் கட்டாயம் வேண்டும். அண்ணன் அதெல்லாம் இடத்துக்குக் கேடு, கார் ஷெட்டும் ஹோம் தியேட்டரும் போதும் என்கிறார். என் மனைவிக்கு ஓப்பன் கிச்சன், அண்ணிக்கு ரூமுக்கு ரூம் அட்டாச்டு பாத்ரூம், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். மற்றபடி பிரச்சினை இல்லை. திருட்டு பயத்துக்காகக் கொல்லை வாசலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அண்ணன் ரூமுக்குப் பாத்ரூம் வருகிறது. அம்மாவும் 'உங்க இஷ்டம்' என்று சொல்லிவிட்டார். அப்பா போய் நாலு வருடம் ஆகிறது, அம்மா ஊரில் தனியாகத்தான் இருக்கிறார். திண்ணை, முற்றம் விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிப்பது சரியா? – பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, திண்ணையா கார் ஷெட்டா என்று பஞ்சாயத்து பண்ண என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இந்தப் பஞ்சாயத்து எனக்குப் புதிதில்லை. கும்பகோணத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் மாதம் ஒன்றிரண்டாவது வந்துவிடும். வெளியூரில் பிள்ளைகள், ஊரில் ஒரு பழைய வீடு, ஆளுக்கொரு ஆசை. வழக்கமாக 'எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள்' என்று நாலு வரி எழுதி முடித்துவிடுவேன். உங்களுக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. 'மற்றபடி பிரச்சினை இல்லை' என்று எழுதிவிட்டு அதற்கு அடுத்த வரியில் போகிறபோக்கில் ஒன்றைப் போட்டிருக்கிறீர்களே, அதில் போய் என் கண் நின்றுவிட்டது. கொல்லை வாசலை எடுத்துவிடுகிறோம், அம்மாவும் 'உங்க இஷ்டம்' என்றுவிட்டார்.

'உங்க இஷ்டம்' என்றால் சம்மதம் என்று உங்களுக்கு யார் சொன்னது? உங்கள் அம்மாவுக்குச் சம்மதமாக இருந்திருந்தால் பேசியிருப்பார். 'அங்கே ஒரு ஜன்னலாவது வைடா', 'பைப்பை இந்தப் பக்கம் திருப்பு' என்று நாலு யோசனை சொல்லி இன்ஜினியரின் உயிரை வாங்கியிருப்பார். பிடித்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிற அம்மாவை நான் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் பார்த்ததில்லை. 'உங்க இஷ்டம்' என்றால், 'நான் சொல்லி நீங்க கேக்கவா போறீங்க' என்று பொருள். பெற்ற பிள்ளைக்கு அது புரியவில்லையா, இல்லை புரியாத மாதிரி இருப்பது சௌகரியமாக இருக்கிறதா?

கதவுதானே என்பீர்கள். அந்தக் கதவை ஒட்டித்தான் உங்கள் அம்மாவின் நாளே நடக்கிறது. விடிந்ததும் அதைத் திறந்து பின்னால் போய்ப் பல் தேய்ப்பார். பாத்திரம் தேய்க்கிற கல் அங்கே, துணிக்கொடி அங்கே. கழுவிய தண்ணீர் நேராக வாழைக்குப் போகும். முருங்கை, கறிவேப்பிலை, அடுப்புச் சாம்பல் தொட்டு மீன் ஆய்கிற கல், எல்லாம் அங்கே. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலே கையை நீட்டி உறைக்கு ஒரு கரண்டி மோர் கேட்பார், கொடுக்கிற சாக்கில் முக்கால் மணி நேரம் பேச்சு. பங்குனி வெயிலில் சின்ன வெங்காயம் இடித்து வடகம் உருட்டிக் காயவைப்பதும் அங்கேதான். சென்னைக்கு வருஷா வருஷம் ஒரு டப்பா வருகிறதல்லவா, வத்தக்குழம்பில் தாளிக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். ஓப்பன் கிச்சனில் அந்த வாசனையை உங்கள் சோபா தாங்காது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொல்லைக் கதவைச் சாத்துவார், அத்தோடு அவர் நாள் முடியும். இந்த இடத்தில்தான் உங்கள் அண்ணனுக்குக் கண்ணாடித் தடுப்பு போட்ட பாத்ரூம் வருகிறது. நீங்கள் எழுதவில்லை, நானே கணக்குப் போடுகிறேன். அண்ணன் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு மாதம் வருவாரா? நீங்கள் தீபாவளி, பொங்கல், முழுப்பரீட்சை லீவு எல்லாம் சேர்த்துப் பதினைந்து நாள் தங்குவீர்களா? மிச்ச நாளெல்லாம் அந்த வீட்டில் இருக்கப்போவது ஒரே ஒரு ஆள். வீட்டில் யார் யாருக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டீர்களே, பிள்ளைகளின் ஊஞ்சல் வரைக்கும் வந்திருக்கிறது. அந்த ஒரு ஆளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதா, கடிதத்தை எடுத்துப் பாருங்கள்.

திருட்டு பயம் என்கிறீர்கள், சரி, இருக்கட்டும். ஆனால் தனியாக இருக்கிற வயசான மனுஷிக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு, ராத்திரி பாத்ரூமில் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்பது. இப்போது யாருக்குத் தெரியும் தெரியுமா? வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மாவுக்குத் தெரியும். 'என்ன, மணி ஏழாச்சு, இன்னும் கொல்லைக் கதவு தொறக்கலையே' என்று அவர்தான் முதலில் குரல் கொடுப்பார். முன்கதவு சாத்தியிருந்தால் ஊருக்குப் போயிருக்கிறார் என்று தெரு நினைத்துக்கொள்ளும். நீங்கள் கேமரா மாட்டி சென்னையில் போனில் பார்க்கலாம்தான், மீட்டிங் முடிந்து பார்ப்பீர்கள்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். அப்பா போய் நாலு வருடம் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் தெருவில் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே யார் வருகிறார்கள் என்று இன்னும் பார்க்கிறார்களா இல்லையா? பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தக் கேடுகெட்ட சகுனத்துக்குப் பயந்து, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலேயே, புருஷனை இழந்த எத்தனை பெண்கள் காலை நேரத்தில் வாசல் பக்கம் வருவதை விட்டிருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். யாரும் சகுனம் பார்க்காத வாசல் ஒன்று உண்டென்றால் அது கொல்லை வாசல். கட்டிய பழம்புடவையோடு காலை நீட்டி உட்காரலாம், எவனைக் கண்டும் எழுந்து நிற்க வேண்டாம். அதையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டு உங்களுக்கு ஒரு திண்ணை கட்டிக்கொள்ளப் போகிறீர்கள்!

நானும் இதைச் செய்தவள்தான், அதனால்தான் இவ்வளவு கோபம். திருவையாற்றுப் பக்கம் எங்கள் வீடு. 1999ல், அப்பா போன மறு வருஷம், நானும் என் தம்பியும் சேர்ந்து கொல்லைத் தாழ்வாரத்தை மறித்து ஸ்டோர் ரூம் ஆக்கினோம். அம்மாவுக்கு வேலை குறையுமாம். அம்மாவும் 'செய்யுங்க' என்றார். கொஞ்ச நாள் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துப் பார்த்தார். ஒவ்வொரு சைக்கிளுக்கும் மாராப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்க வேண்டியிருந்தது, அப்புறம் கூடத்துக்குள்ளேயே இருந்துவிட்டார். அவர் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் ஸ்டோர் ரூமை ஒழித்தபோது, வெண்டிலேட்டருக்கு நேர் கீழே ஒரு முக்காலி. எதற்கு இங்கே என்று நகர்த்தப் போனேன். பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார், 'அதும்மேல ஏறி நின்னுதான்டி உங்கம்மா எங்கிட்ட பேசும்'. அப்போது அம்மாவுக்கு எழுபது வயசு. முக்காலியின் ஒரு கால் ஆட்டம், அதற்குக் கீழே பழைய காலண்டர் அட்டையை மடித்துச் சொருகி வைத்திருந்தார். எட்டு வருஷம் இது நடந்திருக்கிறது. லீவுக்கு லீவு போன எனக்குத் தெரியாது.

உங்கள் திண்ணைக்கு வருகிறேன். வழிப்போக்கன் உட்கார்ந்து இளைப்பாறக் கட்டியது, நம் பண்பாடு என்றெல்லாம் இப்போது எல்லாரும் உருகுகிறார்கள். எந்த வழிப்போக்கன்? நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்களை அந்தத் திண்ணையில் உட்காரவிட்டோமா? அவர்களுக்குக் கொல்லைப் பக்கம்தான் கஞ்சி ஊற்றினோம், அதுவும் படிக்குக் கீழே நிற்கவைத்து. இந்த டெல்டாவில் வீடுகட்டி வாழ்ந்த குடும்பம் எதுவும் இதை மறந்ததுபோல நடிக்கக் கூடாது. கட்டுவதாக இருந்தால் கட்டுங்கள், கிரில் போட்டுப் பூட்டாமல், யார் வேண்டுமானாலும் வந்து உட்காருகிற மாதிரி கட்டுங்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கத்தான் என்றால் அந்த இடத்தை அண்ணனுக்கே விட்டுவிடலாம்.

முற்றம் நல்லதுதான், ஒன்று தவிர. கண்ணாடிக் கூரை போட்டு மூடுவதாக இருந்தால் அதற்கு முற்றம் என்று பேர் வைக்காதீர்கள். அந்தக் காலத்து மித்தம் குளிர்ச்சியாக இருந்ததற்குக் காரணமே உள்ளே சூடான காற்று மேலே ஏறி வெளியே போக வழி இருந்ததுதான். அதைக் கண்ணாடியால் இறுக மூடினால் சித்திரையில் கூடம் முழுக்க அடுப்பு. கம்பி போட்டுத் திறந்து விடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியைச் சுவருக்கு மேலே ஒரு அடி தூக்கி, சுற்றிலும் வலை அடித்துக் காற்றுக்கு வழி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாலு பக்கத்துச் சரிவிலிருந்தும் உள்ளேதான் கொட்டும், தண்ணீர் வெளியேறுகிற குழாயைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். அதைச் சாக்கடைக்கு விடாமல் மழைநீர் சேகரிப்புக் குழிக்கு இழுங்கள், 2003லேயே கட்டாயமாக்கிய சமாச்சாரம், கட்டுகிற போதே செய்தால் செலவு தெரியாது. ஹோம் தியேட்டரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி கொல்லைக்கு. வாசல் இருக்க வேண்டும், மூன்றடி அகலத்துக்குக் குறையாமல். அதை ஒட்டி ஐந்தடிக்கு ஒரு தாழ்வாரம் இறக்கி, அதற்கு வெளியே இரும்பு கிரில் கேட் போட்டுப் பூட்டுங்கள், திருட்டு பயம் அதோடு சரி. இப்போது எல்லாரும் ரோட்டை மேலே மேலே தூக்குகிறார்கள் என்று வீட்டையும் மூன்று, நாலு அடி தூக்கிக் கட்டுகிறார்கள். வெள்ளத்துக்கு நல்லது, முட்டிக்கு எமன். படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அகலமாக இருக்கட்டும், ஒரு பக்கம் கைப்பிடிக் குழாய். மினுமினு டைல்ஸ் அந்தப் பக்கமே வரக் கூடாது, சொரசொரப்பாக எதையாவது போடுங்கள், சிமெண்ட் தரையே போதும். அம்மாவின் அறை கீழே, கொல்லையை ஒட்டி. அண்ணனுக்கு ஒதுக்கிய பாத்ரூமை அம்மா அறைக்குப் போடுங்கள், அண்ணன் மாடிக்குப் போகட்டும், அவருக்கு முட்டி நன்றாகத்தானே இருக்கிறது? அந்தப் பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் தள்ளித் திறக்க முடியாது.

அடிபம்பு இருந்தால் பிடுங்கி எறியாதீர்கள். இல்லையென்றால் ஒன்று இறக்குங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறிய பிறகு நாகப்பட்டினம், திருவாரூர் பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போர்வெல் இருந்தது, மோட்டார் இருந்தது, மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் வரும் என்று ஜனங்கள் காத்துக் கிடந்தபோது, மன்னார்குடியில் என் நாத்தனார் தெருவே அவர் கொல்லை அடிபம்பில்தான் குடத்தோடு வரிசையில் நின்றது.

உங்கள் அம்மாவிடம் மறுபடி போய் 'என்னம்மா வேணும்' என்று கேட்காதீர்கள். மறுபடியும் 'உங்க இஷ்டம்' என்றுதான் வரும், நீங்களும் நிம்மதியாக பஸ் ஏறிவிடுவீர்கள். லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போங்கள், குடும்பம் வேண்டாம், லேப்டாப் வேண்டாம். நாலு நாள் இருங்கள். காலையில் அவர் எழும்போது நீங்களும் எழுந்து, அவர் எங்கே உட்காருகிறார், எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார், ஒரு குடம் தண்ணீரை எங்கிருந்து எங்கே தூக்குகிறார் என்று பாருங்கள். நாலாம் நாள் மேஸ்திரியை வரச்சொல்லி, கையில் சுண்ணாம்பைக் கொடுத்து, 'அம்மா சொல்ற இடத்துல கோடு போடுங்க' என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். மேஸ்திரியிடம் அவர் பேசுவார். உங்களிடம்தான் பேச மாட்டார்.

அண்ணனுக்குப் போன் போட்டுப் பிளான் மாறுகிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதை அம்மா தலையில் கட்டாதீர்கள். சத்தம் போடுவார், போடட்டும். அதே போனில் இன்னொன்றையும் பேசி முடித்துவிடுங்கள். புதுமனைப் புகுவிழாவுக்கு யார் முதலில் படி ஏறுவது, யார் பால் காய்ச்சுவது என்று கடைசி நேரத்தில் ஒரு அத்தையோ சித்தப்பாவோ வந்து காதைக் கடிப்பார்கள், 'சுமங்கலியா யாராவது முன்னால போங்க' என்பார்கள். அந்த நிமிஷம் பிள்ளைகள் ரெண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றால் நீங்கள் கட்டிய வீட்டுக்கு அர்த்தமில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு உங்கள் அம்மாதான் முன்வாசல் வழியாக முதலில் உள்ளே போக வேண்டும், தெரு பார்க்க.

கார் ஷெட் எங்கே வருவது என்று கேட்பீர்கள். எங்கே வேண்டுமானாலும் வரட்டும்.