வாசகர் கேள்வி – பதில்: ஷியான் பெரிய பள்ளிவாசல்

கேள்வி: எங்கள் ஊர் ஜும்மா பள்ளியின் கல்தூண்களுக்கு இடையே தொழுது வளர்ந்தவன் நான். சீனாவின் ஷியான் நகரிலுள்ள பெரிய பள்ளிவாசலின் படங்களில் குவிமாடமோ ஓங்கிய மினாராவோ இல்லை; வளைந்த ஓட்டுக்கூரைகளே தெரிகின்றன. அது பள்ளிவாசல் என்பதை எதைக் கொண்டு அறிவது?
– வாசகர், கீழக்கரை

பதில்: முதலில் திசையைக் கொண்டு அறியலாம். சீனக் கோயில்களும் அரண்மனைகளும் பெரும்பாலும் தெற்கே வாசல் வைத்து, வடக்குத் தெற்காக அமைந்தவை. ஷியான் பள்ளிவாசலோ கிழக்கே தொடங்கி, ஏறக்குறைய 250 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் கொண்ட மனையில் மேற்கு நோக்கியே செல்கிறது. மர வளைவையும் கல் வாயில்களையும் தாண்டி முற்றம் முற்றமாக உள்ளே போகிறவர், கிப்லாவை, அதாவது தொழுகையில் முகம் திருப்பும் மக்காவின் திசையை, நோக்கியே நடந்துகொண்டிருக்கிறார். மேற்குக் கோடியில் நீல ஓடு வேய்ந்த தொழுகைக் கூடமும், அதன் உள்ளே கிப்லாவைக் காட்டும் சுவர்க்குழிவான மிஹ்ராபும் இருக்கின்றன.

மினாரா இல்லாமல் இல்லை. மூன்றடுக்குக் கூரையுடன் முற்றத்தில் நிற்கும் எண்கோணக் கோபுரமே அதற்குரிய இடம். பார்வைக்குச் சீன மாடம். அமைத்தது பாங்கு சொல்வதற்கு.

தொழுகைக் கூடத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். தாழ்வாரத்தைத் தாங்கும் மரக் கைகள் தூண்தலையிலிருந்து அடுக்கடுக்காக வெளியே நீள்கின்றன. உத்தரத்தின் பாரத்தைத் தூணுக்கு இறக்கும் நம் போதிகைக்கு உள்ள வேலைதான் அவற்றுக்கும். உட்சுவர்களில் திருக்குர்ஆனின் வசனங்கள் அரபியிலும் சீனத்திலும் மரப்பலகைகளில் செதுக்கப்பட்டுள்ளன. தூரிகை பிடித்துப் பழகிய சீனக் கைகளில் அரபி எழுத்து தடித்தும் மெலிந்தும் ஓடுவது, எனக்கு அந்தப் பள்ளியிலேயே மிக அழகான பகுதியாகப் படுகிறது.

இதை இரண்டு பாணிகளின் கலப்பு என்று சொல்வதோடு நிறுத்திவிடுவது போதாது என்பது என் கருத்து. வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் உங்கள் ஊர்க் கல் பள்ளியையே பாருங்கள். தூணும் போதிகையும் தட்டையான கல் கூரையும் பாண்டிய நாட்டுக் கோயில் மண்டபம் கட்டிய சிற்பிகளின் தொழில்; உருவங்களை விலக்கிப் பூவும் கொடியுமாக நிறுத்திக்கொண்டதும், மேற்கே மிஹ்ராப் வைத்ததும் தொழுகையாளர்களின் தேவை. ஷியானில் அதே தேவையை மரத்தச்சர்கள் நிறைவேற்றினார்கள். குவிமாடம் தொழுகைக்கு நிபந்தனையாக எங்கும் இருந்ததில்லை.

கேள்வி: அப்பள்ளிவாசல் 742ஆம் ஆண்டில் கட்டப்பட்டது என்று படித்தேன். நம்பலாமா?
– வாசகி, ஏர்வாடி

பதில்: அந்த ஆண்டைக் கூறுவது வளாகத்திலுள்ள ஒரு கல்வெட்டு. ஆனால் அதே கல்வெட்டு, இஸ்லாம் சீனாவுக்கு வந்தது சுயி அரசின் கைஹுவாங் ஆண்டுகளில், அதாவது 581க்கும் 600க்கும் இடையில் என்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ (இறைச்செய்தி) இறங்கியதே 610இல்தான். ஆகவே அது பிற்காலத்தவர் எழுதி நிறுத்திய கல் என்று ஆய்வாளர் பலர் கருதுவது நியாயமாகவே தோன்றுகிறது. தாங் அரசர் காலத்தில் அந்நகரில் மேற்காசிய வணிகர் வாழ்ந்தது உண்மை. இன்று நாம் காணும் அமைப்பு, மிங் அரசர் காலத்தில் 1392இல் உருப்பெற்று, பின்னர் பலமுறை புதுப்பிக்கப்பட்டது.

கேள்வி: சீனாவுக்கும் நம் கரைக்கும் அக்காலத்தில் போக்குவரத்து இருந்ததா?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: சான்று உங்கள் ஊர் மண்ணிலேயே இருக்கிறது. பெரியபட்டினம் அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. சீனாவின் துறைமுக நகரான சுவான்ஜோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அதே நகரில் 1009இல் எழுந்த பள்ளிவாசலின் கல் வாயில் இன்றும் நிற்கிறது. ஷியானைப் போலன்றி, அதில் மேற்காசியக் கூர்வளைவே மேலோங்கியுள்ளது.