எண்ணெயை நிறுத்தியும் கல்லீரல் கொழுப்பு குறையவில்லையே?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். வயது 44, எடை 78 கிலோ. மதுப்பழக்கம் அறவே கிடையாது. ஸ்கேனில் முதல்நிலை ஃபேட்டி லிவர் என்று தெரிந்ததிலிருந்து எண்ணெயையும் முட்டையையும் விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் மாற்றமில்லை. இரவு ஷிப்ட் என்பதால் இரண்டு ஸ்பூன் சர்க்கரையுடன் ஆறு டீயும், நாலைந்து வர்க்கியும் ஆகிவிடும். மூன்று வேளையும் சோறு. இன்னும் எதை நிறுத்துவது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: நீங்கள் நிறுத்த வேண்டியதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கல்லீரலில் படியும் கொழுப்பு முழுவதும் எண்ணெயிலிருந்து வருவதல்ல. தேவைக்கு மேல் வந்து சேரும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் தானே கொழுப்பாக மாற்றித் தன்னிடம் தேக்கிக்கொள்கிறது. வெள்ளைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸைத் தசை, மூளை என்று எல்லா உறுப்புகளும் பங்கிட்டுக்கொள்ளும். ஃபிரக்டோஸின் பெரும்பகுதியோ கல்லீரலின் தலையில்தான் விழுகிறது.

இன்றிரவு ஒரு காரியம் செய்யுங்கள். காலி டம்ளர் ஒன்றை எடுத்து, ஒரு நாள் டீயில் சேரும் பன்னிரண்டு ஸ்பூன் சர்க்கரையையும் அதில் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. அதைப் போல இரண்டு மடங்கை, இனிப்பு எதுவும் சாப்பிடவில்லை என்ற எண்ணத்திலேயே நீங்கள் குடித்து வருகிறீர்கள். வர்க்கியோ மைதாவும் வனஸ்பதியும் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்த பண்டம். கடித்தபின் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டுகிறதே, அதுதான் அந்த வனஸ்பதி. நம் ஊர்ப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றாட உணவாக அது உங்களுக்கு ஆகாது.

டீயை விட வேண்டாம். சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். சர்க்கரையில்லாத காபி குடிப்பவர்களுக்குத் தடையே இல்லை. காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பீன்ஸ், முட்டைகோஸ், கேரட், அவரை ஆகியவற்றை வையுங்கள். இம்மலையில் முன்பு சாமையும் ராகியும் அன்றாட உணவாக இருந்தன. நார்ச்சத்து மிகுந்த அவற்றுக்குத் திரும்புவது நல்லதே. ஆனால் களியும் மாவுச்சத்துதான் என்பதால் உருண்டையின் அளவில் கவனம் வேண்டும். முட்டையை மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லீரலிலிருந்து கொழுப்பை வெளியேற்றத் தேவையான கோலின் என்ற சத்து அதன் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. எண்ணெயை அளவாகத் தாளிதத்துக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை.

உங்கள் எடையில் நான்கு கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். ஐந்தரை முதல் எட்டு கிலோ வரை குறைந்தால் அழற்சியும் தணிய வாய்ப்புண்டு. வாரத்துக்கு அரைக் கிலோ போதும். பட்டினி கிடந்து மளமளவென்று இளைத்தால் கல்லீரல் மேலும் பாதிக்கப்படலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘முதல்நிலை’ என்பது கொழுப்பின் அளவை மட்டுமே குறிக்கிறது. உள்ளே தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு, இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்துக் கணக்கிடும் எளிய முறை இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் அதைக் கேட்டறியுங்கள். இரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் (HbA1c) பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது. சர்க்கரைக்குப் பதிலாகக் காலையில் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் மலைத்தேன் கலந்து குடிக்கிறேன். இது சரியா?
– வாசகி, குன்னூர்

பதில்: சரியல்ல, அம்மா. தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஃபிரக்டோஸ்தான். வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் இதே கதைதான். இனிப்பு வேண்டுமென்றால் ஒரு பேரிக்காயையோ இரண்டு பிளம்ஸையோ சாறு பிழியாமல் கடித்துச் சாப்பிடுங்கள். நார்ச்சத்தோடு சேர்ந்து வரும் இனிப்பு மெதுவாகவே கல்லீரலைச் சென்றடையும்.