மின்மாற்றியில் பேட்டரியை இணைத்தால் ஏன் மறுபக்கம் மின்சாரம் வருவதில்லை?

மின்மாற்றியின் (டிரான்ஸ்ஃபார்மர்) இரண்டு கம்பிச் சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனாலும் ஏசி (திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம்) கொடுத்தால் மறுபக்கம் மின்னழுத்தம் வருகிறது, பேட்டரி கொடுத்தால் வருவதில்லை. நல்ல கேள்வி.

கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் 1820-இல் கண்டது இது. சரி, காந்தப்புலம் மின்சாரத்தைத் தருமா? 1831-இல் அறிவியலாளர் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றினார். முதல் சுருளில் பேட்டரியை இணைத்த கணத்தில், இரண்டாவது சுருளோடு வைத்திருந்த காந்த ஊசி துள்ளியது, அதாவது அந்தச் சுருளில் ஒரு கணம் மின்சாரம் பாய்ந்தது. அப்புறம் பழைய நிலைக்கே வந்து நின்றுவிட்டது. பேட்டரியைத் துண்டித்ததும் எதிர்த்திசையில் துள்ளியது! மின்னியலில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். காந்தப்புலம் இருந்தால் மட்டும் போதாது, அது மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுழற்சி) ஏசி, சுழற்சிக்கு இருமுறை என நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அதனால் புலமும் ஓயாமல் மாறி, மறுசுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. பேட்டரியின் மின்னோட்டம் சீரானது, புலமும் அப்படியே நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஏசியில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் சுருளின் தூண்டல்தான், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பு. பேட்டரி தரும் டிசியில் (ஒரே திசையில் பாயும் மின்னோட்டம்) கம்பியின் சிறிய மின்தடை மட்டுமே மிஞ்சும். அதிக மின்னோட்டம் பாய்ந்து சுருள் கருகிவிடலாம், முயன்று பார்க்காதீர்கள்.