வாசகர் கேள்வி: நிலா எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

சிங்கப்பூரின் தேசிய தினம் நெருங்க நெருங்க நாட்டுக் கொடியைப் பற்றிய கேள்விகள் குவிகின்றன. இந்த முறை எதிர்ப்புக் குரல் எழுப்புவது பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் புளோக்கில் ஒன்பதாவது மாடித் தாழ்வாரத்தில் கொடி கட்டியிருக்கிறோம். காற்றில் மேலே எழும்பிக் கம்பியில் சுருண்டுவிடுகிறது. நிலா தவறான பக்கம் இருப்பதாகவும் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். எப்படிச் சரியாகக் கட்டுவது? (வாசகி, ஈசூன்)

பதில்: அக்கா சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கொடியைப் பார்ப்பவர் கீழே நிற்கிறார், கட்டுபவரோ உள்ளே நிற்கிறார். குழப்பமே அங்குதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிறை மேல் இடது மூலையில் தெரிய வேண்டும். அப்படியானால் தாழ்வாரத்துக்குள் நின்று கட்டும் உங்களுக்கு அது வலக்கைப் பக்கம் வர வேண்டும். நம் கண்ணுக்கு இடப்பக்கம் வைத்துக் கட்டினால் வெளியே எல்லாம் மாறிவிடும். கட்டி முடித்ததும் கீழே இறங்கி ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். பிறையின் வளைந்த முதுகு இடப்புறமும், ஐந்து நட்சத்திரங்கள் அதன் வலப்புறமும் இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட துணி என்றால் சாயம் அழுத்தமாக இருக்கும் பக்கம் வெளியே பார்க்கட்டும்.

சுருண்டுபோவதற்குக் காரணம், மேல் இரண்டு மூலைகளை மட்டும் கட்டுவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். விடியலுக்கு முன்னோ காலையிலோ 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று திடீரென்று அடிக்கும். தளர்ந்த கீழ் ஓரம் அப்போது தூக்கிக்கொண்டு மேல்கம்பியைச் சுற்றிவிடும். சுருண்ட கொடி நனைந்து அப்படியே காய்ந்தால் சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கும். நான்கு மூலைகளையும் கட்டுங்கள். துணி விறைப்பாக இருக்கட்டும், ஆனால் கண்ணிகள் கிழியும் அளவுக்கு இழுக்காதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நொறுங்கிவிடும். பருத்த நைலான் கயிறு நல்லது. வாரம் ஒருமுறை முடிச்சுகளைப் பாருங்கள்.

கொடி கீழே தொங்கி நிற்பதற்காகத் தண்ணீர்ப் போத்தலையோ செங்கல்லையோ சிலர் கட்டிவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஒன்பதாவது மாடியிலிருந்து அது விழுந்தால் யார் தலையிலோ விழும். துணி காயப்போடும் கம்பில் கொடியை மாட்டி நீட்டி வைப்பதும் அதே ஆபத்துதான்.

ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை இப்படிக் கம்பம் இல்லாமல், இரவில் விளக்கு இல்லாமல் தொங்கவிடலாம். அதற்குப் பிறகும் பறக்கவிட ஆசை என்றால் கொடிக்கம்பமும் இரவில் அதன்மேல் விழும் வெளிச்சமும் வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அது நடைமுறைக்கு ஒத்துவராது. செப்டம்பர் முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். நவம்பர் மழையில் கந்தலாகத் தொங்கும் கொடி நாட்டுக்குப் பெருமை சேர்க்காது.

கேள்வி: சாயம் போன பழைய கொடியை என்ன செய்வது? குப்பைத் தொட்டியில் போடக் கை வரவில்லை. (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: மடித்துக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அதன் பிறகு அப்புறப்படுத்துங்கள். தொட்டியில் கொடி வெளியே தெரியக்கூடாது என்பதுதான் இதில் விஷயம். தரை துடைக்கவோ காரைப் போர்த்தவோ அதைப் பயன்படுத்தாதீர்கள். இன்னும் நன்றாக இருக்கும் கொடி என்றால் தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, ஊறவைக்காமல் உடனே எடுத்து, நிழலில் உலர்த்தி, அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள்.

கேள்வி: தேக்காவில் இனிப்புக் கடை வைத்திருக்கிறோம். தேசிய தின லட்டுப் பெட்டியில் கொடிப் படம் அச்சிடலாமா? வாசலில் கொடிக் கோலம் போடலாமா?

பதில்: பெட்டியில் வேண்டாம். வணிகப் பொருளில் கொடியைப் பயன்படுத்த முன் அனுமதி வேண்டும். அனுமதியை விடுங்கள், லட்டு தீர்ந்ததும் பெட்டி போய்ச் சேரும் இடத்தை யோசித்துப் பாருங்கள். நாட்டின் அரசுச் சின்னத்தையும், அதாவது சிங்கமும் புலியும் கேடயம் தாங்கும் சின்னத்தையும், தொடாதீர்கள். அது அரசாங்கத்துக்கு உரியது. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெட்டி, மேலே வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் மலர், அது போதும். 1981 முதல் அதுதான் நம் தேசிய மலர். 1986இல் அறிமுகமான சிங்கத் தலைச் சின்னம், பொதுமக்கள் தங்கள் பற்றைக் காட்டுவதற்கென்றே வந்தது. அதன் பிடரியில் உள்ள ஐந்து பிரிவுகளும் கொடியின் ஐந்து நட்சத்திரங்கள் சொல்லும் அதே ஐந்தைத்தான் சொல்கின்றன: ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். அதைப் போடுவதாக இருந்தாலும் அச்சிடும் முன் விதிமுறையைப் படித்துவிடுங்கள். நிறத்தையோ வடிவத்தையோ மாற்றி 'அழகுபடுத்த' வேண்டாம்.

கோலம் விஷயத்தில் எங்கள் கருத்து இது: கொடி தரையைத் தொடக்கூடாது என்று கற்றுக்கொண்டவர்கள் கொடியைத் தரையில் வரைந்துவிட்டு வாடிக்கையாளரை அதன்மேல் நடக்கவிடுவது பொருந்தவில்லை. சிவப்பு வெள்ளைப் பொடியில் ஆர்க்கிட் மலரைப் போடுங்கள். அதிலும் ஐந்து இதழ் சிக்குக் கோலம் எடுப்பாக இருக்கும்.

கேள்வி: எங்கள் சங்க விழாவில் தேசிய கீதத்தைத் தமிழில் பாடலாமா? பற்றுறுதியை, அதாவது குடிமக்கள் எடுக்கும் உறுதிமொழியை? விழாவுக்கு வரும் இந்திய ஊழியர்கள் என்ன செய்ய வேண்டும்? (செயலவை உறுப்பினர், உட்லண்ட்ஸ்)

பதில்: கீதத்தை மலாயில் மட்டுமே பாட வேண்டும். 'மஜுலா சிங்கப்பூரா'வை ஸுபிர் சைட் 1958இல் இயற்றினார், 1959இல் அது நாட்டின் கீதமானது. தமிழ் மொழிபெயர்ப்பு பொருள் புரிந்துகொள்வதற்குத்தான், மேடையில் பாடுவதற்கு அல்ல. வேண்டுமானால் நிகழ்ச்சி நிரல் தாளில் பொருளை அச்சிட்டுக் கொடுங்கள்.

பற்றுறுதி அப்படியல்ல, அதைத் தமிழிலேயே சொல்லலாம். அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1966இல் ஆங்கிலத்தில் எழுதியது அது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று பள்ளிகளில் முதன்முதலாக ஒலித்தது. வலக்கையை முட்டியாக மடக்கி இடது மார்பின்மேல் வைக்க வேண்டும். உள்ளங்கையை விரித்து வைப்பது அமெரிக்கப் படங்களில் பார்த்துப் பழகியது.

'சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்' என்றுதான் பற்றுறுதி தொடங்குகிறது. குடிமக்கள் அல்லாதவர்கள் அதைச் சொல்ல வேண்டியதில்லை. கீதம் ஒலிக்கும்போது எல்லோரும் எழுந்து அசையாமல் நின்றால் போதும். கைப்பேசியை ஓசையில்லாமல் வைக்கும்படி அறிவிப்பாளர் முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் விளையாட்டாளர்கள் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார்கள். கொடியைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். இங்கே ஒருவர் அப்படி எதிர்ப்பைக் காட்டினால் அது தேசத்துரோகமா? நாட்டை நேசிப்பவர் குறை சொல்லக்கூடாதா? (பல்கலைக்கழக மாணவர், ஜூரோங்)

பதில்: குறை சொல்வது துரோகமே அல்ல. ஆனால் எதைக் கொண்டு, எங்கே நின்று சொல்கிறோம் என்பதை ஒவ்வொரு நாடும் வெவ்வேறாக வைத்திருக்கிறது.

2016இல் அமெரிக்கக் காற்பந்து விளையாட்டாளர் கொலின் கேப்பர்னிக் கீதத்தின்போது முதலில் உட்கார்ந்துதான் இருந்தார். ஒரு முன்னாள் ராணுவ வீரரிடம் பேசிய பிறகுதான் மண்டியிடுவதற்கு மாறினார், அது கூடுதல் மரியாதை என்பதால். அமெரிக்காவில் கொடியை எரிப்பதுகூடப் பேச்சுரிமைக்குள் வரும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. இந்தியாவில், கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்று, பாட மட்டும் மறுத்த கேரளப் பள்ளி மாணவர்கள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிற்பது வேறு, பாடுவது வேறு என்ற நுட்பமான கோடு அது.

இங்கே கோடு இன்னும் இறுக்கமானது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் நிறைவேறிய தேசியச் சின்னங்கள் சட்டப்படி, அவமதிப்புக்கு 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பு அபராதம் 1,000 வெள்ளிதான். தலைகீழ்க் கொடி ஆபத்தின் அறிகுறி என்பது அமெரிக்கர்கள் வைத்திருக்கும் மரபு. இங்கே தலைகீழாகப் பிடித்தால் தூரத்தில் நிற்பவருக்கு அது போலந்துக் கொடி போலத் தெரியும், செய்தியும் போய்ச் சேராது. ஆகவே சின்னத்தை விட்டுவிட்டுச் சொல்லை எடுங்கள்.

சொல்லுக்கு இடம் ஹொங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை. 2000 செப்டம்பர் 1 அன்று திறக்கப்பட்டது, 2008 முதல் ஆர்ப்பாட்டத்துக்கும் இடமுண்டு. பேசுபவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்து, தேசியப் பூங்காக் கழகத்திடம் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டால் தனிக் காவல்துறை அனுமதி தேவையில்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதிலும் பேசலாம், தமிழும் அதில் அடக்கம். சமயத்தைத் தொடக்கூடாது, இனப்பகையைத் தூண்டும் பேச்சும் கூடாது. அவதூறுச் சட்டம் அங்கேயும் உண்டு. ஆர்ப்பாட்டத்தில் நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம், வெளிநாட்டவர் கூடாது. 'சும்மா பார்க்க வா' என்று வேலை அனுமதியில் இருக்கும் நண்பரைக் கூட்டிப்போய்விடாதீர்கள். அதனால் அவர் பிழைப்பே பாதிக்கப்படலாம்.

கேள்வி: நான் ஒருவன் மட்டும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வெளியே அட்டை பிடித்து நின்றால்? (அதே மாணவர்)

பதில்: 2009ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தில் ஒருவர் நின்றாலும் அது 'கூட்டம்'தான். கோரிக்கை ஒன்றுக்காக நின்றால் காவல்துறை அனுமதி வேண்டும்.

கேள்வி: கிரிக்கெட் இறுதி ஆட்டத்தன்று சன்னலில் இந்தியக் கொடி தொங்கவிடலாமா? (வாசகர், செங்காங்)

பதில்: வெளிநாட்டு தேசியச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1949 முதல் இருக்கிறது. 500 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சில விலக்குகள் உண்டு, ஆனால் உங்கள் சன்னல் அதில் வரும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நீலச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்து கத்துங்கள். இரவு நேரமாகிவிட்டால் மட்டும் கொஞ்சம் மெதுவாக.