‘மாயாவி முதல் இதழ்’ என்று ஒருவர் எட்டாயிரம் கேட்டால்…

கேள்வி: அப்பா எழுபதுகளில் வாங்கிய முத்து காமிக்ஸ் இதழ்களில் முப்பது சொச்சம் வீட்டில் இருக்கின்றன. பத்துப் பத்தாகச் சேர்த்து காலிகோ துணி பைண்ட் போட்டு வைத்திருக்கிறார். விட்டுப்போன இதழ்களைத் தேடிச் சேர்க்க ஆசை. ஒருவர் ‘இரும்புக்கை மாயாவி’ முதல் இதழ், 1972 ஒரிஜினல் என்று அட்டைப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி 8,000 ரூபாய் கேட்கிறார். நம்பி வாங்கலாமா? மற்ற அரிய இதழ்களை எப்படித் தேடுவது? பைண்டைப் பிரித்துத் தனித்தனியாக வைப்பது நல்லதா? — திருநெல்வேலி வாசகர்

பதில்: அட்டைப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பிவிடாதீர்கள். அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. தன் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்றே தெரியாமல் விற்பவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர்.

மாயாவி கதைகள் பல சுற்று மறுபதிப்பு கண்டவை. ‘காமிக்ஸ் க்ளாசிக்ஸ்’ என்று மறுபதிப்புக்கென்றே ஒரு தனி வரிசை ஓடியது. 2015 வாக்கில் பெரிய சைஸில் இன்னொரு சுற்று வந்தது. கதையைப் படிக்க மட்டும் ஆசை என்றால் இவையே தாராளம். எட்டாயிரம் கேட்பது 1972-இல் சிவகாசியில் அச்சான தாளுக்கு. அந்தத் தாள்தான் இது என்று காட்டுவது விற்பவரின் பொறுப்பு. முகவரி அச்சான பக்கம், வசனம் தெளிவாகத் தெரிகிற ஓர் உள்பக்கம், பின் அடித்த நடுப்பக்கம், பின்னட்டை ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

முகவரியில் முதலில் பின்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். முத்து காமிக்ஸ் தொடங்கியது 1972 ஜனவரி; அதன் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். அஞ்சல் துறை பின்கோடு முறையைக் கொண்டுவந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல். சிவகாசி என்ற பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்க எண் இருந்தால் அது ஜனவரியில் அச்சான புத்தகமாக இருக்க வழியே இல்லை. இணையதள முகவரி, கைபேசி எண், 2010-இல் வந்த ₹ குறி இவையெல்லாம் கண்ணில் பட்டால் விசாரிக்கவே வேண்டாம்.

அடுத்து எழுத்து. 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. அதற்கு முன்பு ணை, லை, ளை, னை நான்கையும் மேலே சுழித்த கொம்போடு அச்சடிப்பார்கள்; ணா, றா, னா மூன்றும் துணைக்கால் ஒட்டிச் சுருண்டிருக்கும். உங்கள் அப்பாவின் பைண்டிலேயே ‘தலை’, ‘யானை’ போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள், உடனே பிடிபடும். 1972 என்று சொல்லப்படும் இதழின் உள்பக்க வசனத்தில் ‘லை’ இன்றைய வடிவில் இருந்தால் அது பிந்தைய பதிப்பு. ஆனால் பழைய வடிவம் இருப்பதை மட்டும் வைத்து முதல் பதிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். ஆணை வந்த பிறகும் பழைய அச்சில் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன. பழைய பக்கத்தை அப்படியே நகலெடுத்தும் மறுபதிப்பு போடலாம்.

உள்தாள் ஒரிஜினல், அட்டை மட்டும் கலர் ஜெராக்ஸ் என்பது இன்னொரு ரகம். அட்டை கிழிந்துபோன பிரதிக்கு ஒருவர் ஆசையாகப் புது அட்டை போட்டிருப்பார். இரண்டு கை மாறியதும் அது ‘ஒரிஜினல்’ ஆகிவிடும். இதற்குப் புத்தகத்தை நேரில் பார்க்க வேண்டும். முதுகு மடிப்பைப் பாருங்கள். பழைய ஆஃப்செட் அச்சில் மை தாளுக்குள் ஊறி இருக்கும், மடிப்பில் நாரோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். ஜெராக்ஸ் டோனர் தாளின் மேல் படிந்து நிற்பது. சாய்த்துப் பிடித்தால் பளபளக்கும், மடிப்பில் செதிலாக உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். பின் துருப்பிடித்த கறை நடுத்தாளில் இருந்து அட்டையின் உட்புறத்துக்கும் தொடர்ந்து வர வேண்டும். தாளில் கறை, அட்டை சுத்தம் என்றால் அட்டை பிற்பாடு வந்து சேர்ந்தது.

பக்கங்களை எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள். நடுவில் பின் அடித்த இதழில் ஒரு தாள் நான்கு பக்கம். 64 பக்க இதழில் 5, 6 இருக்கும் தாளின் மறுபாதிதான் 59, 60. முன்னால் ஒரு பாதி கிழிந்து போயிருந்தால் பின்னால் அதன் ஜோடி பிடிப்பில்லாமல் ஆடும், அல்லது கோந்து வைத்து ஒட்டியிருப்பார்கள். கடைசித் தாள் இல்லாத பிரதிகளும் சாதாரணம். கொலைகாரன் யார் என்று தெரியாமலே நாற்பது வருடம் ஓட்டியவர்கள் உண்டு.

இத்தனையும் தேறிவிட்டால் எட்டாயிரம் தகுமா? இதற்கு விலைப்பட்டியல் கிடையாது. முழுசாக, ஒரிஜினல் அட்டையோடு கையில் கிடைத்தால் அதை அநியாய விலை என்று சொல்ல மாட்டேன். தூரத்தில் இருக்கிறார் என்றால், சொன்னபடி இல்லாவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்வதாக எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு பணம் அனுப்புங்கள். ஒரு எச்சரிக்கை. ‘மாயாவி’ என்று தேடும்போது ராணி காமிக்ஸின் மாயாவியும் குறுக்கே வருவார். அவர் லீ ஃபாக் படைத்த ஃபேண்டம் என்ற முகமூடி வீரர். நம் இரும்புக்கைக்காரர் 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டேல். விற்பவர்களே இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்.

சரி, மற்ற இதழ்கள். பழசு என்றாலே அரிது என்று நினைப்பதில்தான் புதிதாகச் சேர்ப்பவர்கள் காசை விடுகிறார்கள். மறுபதிப்பே காணாத கதைகள், சீக்கிரம் நின்றுபோன வரிசைகள், முதுகு தாங்காத குண்டுப் புத்தகங்கள், குறைவாக அச்சடித்த காலத்து இதழ்கள் இவைதான் உண்மையில் சிக்காதவை. முத்துவின் சகோதர இதழான லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு தொடங்கியது. முதல் இதழ் என்பதால் அதற்கு எப்போதும் கிராக்கி. ஆனால் அதே நிறுவனத்தின் திகில், மினி லயன், ஜூனியர் லயன் வரிசைகளை முழுசாக வைத்திருப்பவரைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். கோடை மலர், தீபாவளி மலர் போன்ற குண்டுச் சிறப்பிதழ்கள் எல்லாம் கிடைக்கும். உதிராமல் கிடைப்பதுதான் அபூர்வம். 2010-இல் 18 பாகங்களையும் ஒரே புத்தகமாக்கி 200 ரூபாய்க்கு லயனில் வந்த ‘இரத்தப் படலம்’ தொடர் நேற்றைய சமாச்சாரம். ஆனால் தீர்ந்துபோன பிறகு ஆயிரக்கணக்கில் கை மாறியது. பிறகு வண்ணத்தில் மறுபதிப்பு வந்துவிட்டதால், கறுப்பு-வெள்ளைப் பிரதிக்கு இன்று யாராவது பழைய விலை சொன்னால் நிதானியுங்கள்.

ராணி காமிக்ஸ் கதை வேறு. 1984-இல் தொடங்கி, மாதம் இருமுறை வந்து, 500 இதழோடு 2005-இல் நின்றது. பெட்டிக்கடையில்கூடத் தொங்கியதாலோ என்னவோ, பத்திரப்படுத்தியவர்கள் குறைவு. தனி இதழ்கள் மலிவாகக் கிடைக்கும். ஐந்நூறையும் சேர்ப்பது தவம்.

தேடக் கிளம்பும் முன் எண் வாரியாகப் பட்டியல் போடுங்கள், வேறு சேகரிப்பாளர்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸில் 123, 124 என்ற எண்களில் இதழ்களே வரவில்லை. அந்த நிறுவனத்தில் வேலைநிறுத்தம் நடந்த நேரம் அது. விவரம் தெரியாதவர்கள் அந்த இரண்டையும் தேடி அலைவார்கள்.

பழைய புத்தகக் கடைகளில் இப்போது பெரிதாக ஒன்றும் அகப்படாது. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்ததோடு ஒரு பெரிய ஊற்று அடைபட்டது. மிச்சம் மீதியை வியாபாரிகளே தரம் பிரித்து வைத்துவிடுகிறார்கள். மூடப்போகும் வாடகை நூலகங்களை விசாரிக்கலாம்; ரப்பர் ஸ்டாம்பும் பக்கவாட்டுத் தையலும் இருக்கும், விலை படியும். இருந்தாலும் நல்ல பிரதி வருவது இன்னொரு சேகரிப்பாளரின் டூப்ளிகேட்டில் இருந்துதான். சென்னை, ஈரோடு புத்தகக் காட்சிகளில் லயன்-முத்து ஸ்டால் அருகே ஒரு மாலை நின்றால் போதும், ஆட்கள் கிடைப்பார்கள். அப்பாவின் இதழ்களில் இரண்டு பிரதி உள்ளவை இருந்தால் விற்காதீர்கள். பணத்துக்கு மசியாதவர் மாற்றுக்கு மசிவார்.

வாங்கியதை வைத்திருக்கும் விதம். செய்தித்தாள் ரகத் தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறி நொறுங்கும். இதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் கூடவே கூடாது. டேப்பின் பசை எழுத்தோடு சேர்ந்து மஞ்சளாகிவிடும். பாலியஸ்டர் உறையில் போட்டு, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம். ராமபாணப் பூச்சி தென்பட்டால், காற்றுப் புகாத ஜிப் கவரில் கட்டி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் விடுங்கள். உடனே பிரித்தால் தாளில் ஈரம் கோக்கும். அந்துருண்டை வேண்டாம், நாற்றம் தாளை விட்டுப் போகாது.

பைண்டைப் பிரிப்பது பற்றிக் கேட்டீர்கள். பைண்டர் கட்டும்போது மூன்று ஓரத்தையும் வெட்டிச் சமன்படுத்தியிருப்பார். சில இதழ்களில் பக்க எண்ணே பாதி போயிருக்கும், அட்டைகளைக் கழற்றிக்கூடப் போட்டிருப்பார். பிரித்தாலும் அந்த ஓரம் திரும்பி வராது. முதுகில் ஊசி போன துளைகளில் தாள் கிழிந்து, இப்போது முழுசாக இருப்பதும் கையோடு வந்துவிடும். பசை விட்டுப்போய்த் தானாகவே கழன்று நிற்கும் தொகுதி என்றால் மட்டும், பழைய நூல்களைச் சரிசெய்யத் தெரிந்த பைண்டரிடம் கொடுத்து, ஓரத்தை மறுபடி வெட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றவற்றை அப்பா கட்டியபடியே விட்டுவிடலாம்.